இரவு ஷிப்ட், தாய்ப்பால், குறைந்த ரத்தம்: எந்தக் கருத்தடை ஒத்துவரும்?

ஈசூன்_மல்லிகை

வணக்கம் அக்காமார்களே, அண்ணன்மார்களே. விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.

வயது 31. இரண்டாவது குழந்தைக்கு 11 வாரம், சுகப்பிரசவம். பகலில் தாய்ப்பால், இரவில் ஒரு வேளை புட்டிப்பால். பீரியட்ஸ் இன்னும் வரவில்லை. போன வாரம் எடுத்த ஹீமோகுளோபின் 10.1. பிரஷர், சர்க்கரை இல்லை. சிகரெட் இல்லை. வருடத்துக்கு மூன்று நான்கு தடவை ஒற்றைத் தலைவலி வரும். வருவதற்கு முன் அரை மணி நேரம் கண்ணோரத்தில் வளைவு வளைவாக மின்னும். 16 வார விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டும்: இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு, காலை 8 முதல் இரவு 8, அப்புறம் அது தலைகீழாக. மூன்றாவது குழந்தை வேண்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எப்படியும் 3 ஆண்டு இடைவெளி வேண்டும்.

தலைச்சன் பிறப்பதற்கு முன் ஊரில் 21 நாள் மாத்திரை சாப்பிட்டேன். அதையே இங்கே சிங்கப்பூரில் டாக்டரிடம் கேட்டு வாங்கலாமா? ஷிப்ட் மாறும்போது நேரம் தவறினால் என்ன செய்வது? மாத்திரை வேண்டாம் என்றால் காப்பர் டியா, கையில் வைக்கும் குச்சியா? பீரியட்ஸ் வரும்வரை எதுவும் தேவையில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், அது சரியா?

பொங்கோல்_மருந்தாளர்

தங்கச்சி, உங்கள் பதிவில் எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த மின்னல். தலைவலிக்கு முன் கண்ணில் ஒளி வளைவு தெரிவது, பார்வையில் ஒரு பகுதி மறைவது, கை அல்லது முகம் ஒரு பக்கம் மரத்துப்போவது, இவையெல்லாம் ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி. இது உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த எதையும் எடுக்கக் கூடாது. 21 நாள் மாத்திரை, 24 நாள் மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, பெண்ணுறுப்புக்குள் வைக்கும் வளையம் நான்குமே ஈஸ்ட்ரோஜன் கலந்தவை. முன்னறிகுறியோடு வரும் தலைவலி பக்கவாத அபாயத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் அதை மேலும் கூட்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இது 4-ஆம் வகை, அதாவது கொடுக்கவே கூடாது. ஊரில் சாப்பிட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்ற கணக்கு இங்கே செல்லாது.

டாக்டர் "தலைவலி உண்டா?" என்று கேட்டால் பலர் "எப்போதாவது வரும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மின்னலையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இந்தத் தலைவலி இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் அந்த மாத்திரைக்குக் காலக் கணக்கு உண்டு. முதல் 3 வாரம் ரத்தம் உறையும் அபாயம் உச்சத்தில் இருக்கும், யாருக்குமே கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு 6 வாரம் வரை கூடவே கூடாது, 6 மாதம் வரை தவிர்ப்பது நல்லது. 35 வயதைத் தாண்டிச் சிகரெட் பிடிப்பவர்கள், பிரஷர் 140/90-க்கு மேல் இருப்பவர்கள், கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இவர்களுக்கும் அது இல்லை.

வீட்டில் சொல்வது தவறு. முட்டை வெளிவந்து ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத்தான் பீரியட்ஸ் வரும். அதனால் முதல் பீரியட்ஸைப் பார்க்காமலே அடுத்த கரு தங்கிவிடலாம். தாய்ப்பாலே கருத்தடையாக வேலை செய்ய மூன்று விஷயம் ஒருசேர இருக்க வேண்டும்: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, பீரியட்ஸ் வந்திருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. பால் கொடுக்கும் இடைவெளி பகலில் 4 மணி நேரமும் இரவில் 6 மணி நேரமும் தாண்டக் கூடாது. மூன்றும் இருந்தால் 98 சதவீதம் பலன். உங்கள் இரவுப் புட்டிப்பால் மூன்றாவதை உடைத்துவிட்டது. வேலைக்குப் போனால் இடைவெளியும் உடையும். இன்றிலிருந்தே வேறு ஏதாவது தேவை.

மாத்திரைதான் வேண்டும் என்றால் உங்களுக்கு உள்ளது ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை. டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம், பலருக்குத் தெரிந்த பெயர் செராசெட். 28 மாத்திரை, இடைவெளியே கிடையாது; ஒரு அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. பாலையும் குழந்தையையும் பாதிக்காது. 12 மணி நேரம் வரை தாமதம் தாங்கும். இதே இனத்தில் பழைய லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை 3 மணி நேரம்தான் தாங்கும். ஷிப்ட் வேலைக்காரர்கள் எது கொடுக்கப்பட்டது என்று அட்டையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் சின்னதாக, வெள்ளையாக ஒரே மாதிரிதான் இருக்கும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். "தூங்கப் போகும்போது" என்று வைத்தால் பகல் ஷிப்டில் இரவு 10, இரவு ஷிப்டில் காலை 10. மாறுகிற நாளில் 12 மணி நேரம் அப்படியே போய்விடும். இரண்டு ஷிப்டிலும் விழித்திருக்கும் நேரம் எது என்று பாருங்கள். உங்களுக்கு மாலை 7 மணி சரியாக வரும்: பகல் வாரத்தில் வேலையில் இருப்பீர்கள், இரவு வாரத்தில் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். அலாரம் வைத்து, ஒரு அட்டை வீட்டிலும் நாலைந்து மாத்திரை வேலைப் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கோ திருச்சிக்கோ போனால் அங்கே மணி இரண்டரை மணி நேரம் பின்னால். மாலை 4.30-க்குச் சாப்பிட்டால் சிங்கப்பூர்க் கணக்கு மாறாது.

12 மணி நேரம் தாண்டிவிட்டால்: ஞாபகம் வந்தவுடன் ஒன்று, அடுத்தது வழக்கமான நேரத்தில். ஒரே நாளில் இரண்டு சாப்பிட நேர்ந்தாலும் பரவாயில்லை. பிரிட்டன் வழிகாட்டி அதன்பின் 2 நாள் ஆணுறை போதும் என்கிறது, பெட்டிக்குள் இருக்கும் தாள் 7 நாள் என்கிறது. நீளமானதையே பின்பற்றுங்கள். மாத்திரை போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது உள்ளே போகாதது போலத்தான், இன்னொன்று போட வேண்டும்.

இங்கே இன்னொரு பழக்கம் உண்டு. வயிறு கெட்டால் உடனே கரி மாத்திரை. கரி எதையும் உறிஞ்சும், கருத்தடை மாத்திரையையும் உறிஞ்சும். கருத்தடை மாத்திரை போட்டு 3 மணி நேரம் கழிந்த பிறகு, அடுத்த மாத்திரைக்கு 12 மணி நேரம் மீதம் இருக்கும்போது கரி போடலாம். உங்கள் 7 மணிக் கணக்கில் இரவு 10 முதல் காலை 7 வரை.

சளிக்கும் தொண்டைக்கும் கொடுக்கும் சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கெடுக்காது. கெடுப்பவை வேறு: காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபினிடாய்ன், டோபிராமேட், மனச்சோர்வுக்கு மூலிகைக் கடையில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். இவை ஈரலை முடுக்கிவிட்டு ஹார்மோனை வேகமாகக் கரைத்துவிடும். மாத்திரை மட்டுமல்ல, கையில் வைக்கும் குச்சியும் பலன் இழக்கும். மருந்தை நிறுத்திய பிறகும் 4 வாரம் இந்த விளைவு நீடிக்கும். டோபிராமேட்டை ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பார்கள் என்பதால் உங்களுக்கு இது குறிப்பாகத் தேவை.

செம்பவாங்_தாதி

பொங்கோல் அண்ணன் மாத்திரையைச் சொல்லிவிட்டார். நான் உள்ளே வைப்பவற்றைச் சொல்கிறேன். மறப்பதற்கு இடமில்லாததால் ஷிப்ட் வேலைக்கு இவைதான் சரி என்பது என் எண்ணம். மாத்திரையைச் சொன்னபடி சாப்பிட்டால் ஓராண்டில் 1000 பேரில் 3 பேருக்குத்தான் கரு தங்கும். நிஜ வாழ்க்கையில் 100 பேரில் 7 பேருக்குத் தங்குகிறது. குச்சியிலும் காப்பர் டியிலும் அந்த வித்தியாசம் கிடையாது, ஏனென்றால் தினமும் செய்ய எதுவும் இல்லை.

காப்பர் டி உங்களுக்கு முதல் தேர்வு இல்லை ம்மா. காரணம் அந்த 10.1. நம் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே ரத்தசோகை. காப்பர் டி, குறிப்பாக முதல் ஆறு மாதம், பீரியட்ஸைக் கூட்டும், நாளையும் நீட்டும், வலியும் கூடும். 10.1-இல் இருப்பவர் அதைப் போட்டால் ஒரு பக்கம் இரும்புச்சத்து மாத்திரை ஏற, மறு பக்கம் வடிந்துகொண்டே இருக்கும். ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் அது அருமையான வழி. 380ஏ வகை 10 ஆண்டு நிற்கும், எடுத்த மாதமே கரு தங்கலாம். உங்களுக்கு இரும்புச்சத்து தேறிய பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம்.

அதே வடிவத்தில் ஹார்மோன் உள்ளது மிரீனா. 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், கருப்பைக்குள்ளேயே சொட்டுச் சொட்டாகக் கசியும். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. 5 ஆண்டு தாராளமாக நிற்கும், சில நாடுகளில் 8 ஆண்டு வரை அனுமதி உண்டு. முதல் மூன்று முதல் ஆறு மாதம் துளித் துளியாகப் பட்டுக்கொண்டே இருக்கும், இதில்தான் பலர் பொறுமை இழந்து எடுக்கச் சொல்கிறார்கள். அதைக் கடந்தால் ரத்தப்போக்கு வெகுவாகக் குறையும், ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டில் நின்றே விடும். ரத்தம் உள்ளே தேங்குவதில்லை; உட்சுவர் தடிப்பதே இல்லை என்பதால் கழிய எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்கு இது மருந்து மாதிரியே வேலை செய்யும்.

போடும்போது என்ன நடக்கும்: முதலில் கையால் சோதித்துக் கருப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, பின்பக்கமா என்று பார்ப்பார்கள். பிறகு விரிப்பானை வைத்து, கருப்பை வாயை ஒரு இடுக்கியால் பிடிப்பார்கள், சுருக்கென்று இருக்கும். அளவுக் கம்பியை விட்டு ஆழம் பார்ப்பார்கள், அது பெரும்பாலும் 6 முதல் 9 சென்டிமீட்டர். அப்போது அடிவயிறு ஒரு இழு இழுக்கும். குழாயோடு உள்ளே விட்டு, குழாயை உருவி, நூலை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவார்கள். ஐந்து பத்து நிமிடம். ஒரு மணி நேரம் முன்பு சாப்பாட்டோடு இபுப்ரோஃபென் அல்லது மெஃபினாமிக் ஆசிட் போட்டுக்கொண்டால் பின்வலி குறையும். வெறும் வயிற்றோடு வராதீர்கள். எழுந்தவுடன் மயக்கம் வருவது வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்குத்தான் அதிகம். வலி பயமாக இருந்தால் மரத்துப்போகும் ஊசி கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதுதான் தவறு. 30 வயது ஆகிவிட்டதால் 5 ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய எச்பிவி பரிசோதனை (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கானது) பாக்கி இருந்தால் அதே நேரத்தில் எடுத்துவிடலாம்.

நூலைப் பார்ப்பது: கையை சோப்புப் போட்டுக் கழுவி, குந்தி உட்கார்ந்து, நடுவிரலை உள்ளே விடுங்கள். மூக்கு நுனி போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும், அதுதான் கருப்பை வாய். அதன் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் நூல் இரண்டு. முதல் மூன்று மாதம் பீரியட்ஸ் முடிந்ததும் பாருங்கள், வராதவர்கள் மாதம் ஒரு தேதி வைத்துப் பாருங்கள். நூல் இல்லாவிட்டாலும், நூல் திடீரென்று நீண்டுவிட்டாலும், நூலோடு பிளாஸ்டிக் தண்டு விரலில் குத்தினாலும் அன்றிலிருந்தே ஆணுறை, பிறகு ஸ்கேன். 20 பேரில் ஒருவருக்குத் தானாக நழுவிவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். கழிவறையில் விழுந்தது தெரியாமலே போகும், அதனால்தான் நூல். பீரியட்ஸ் கப் பயன்படுத்துபவர்கள் விளிம்பை அமுக்கிக் காற்றை விட்ட பிறகுதான் இழுக்க வேண்டும். அப்படியே இழுத்தால் அதுவும் சேர்ந்து வரலாம்.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருப்பைச் சுவரில் துளை விழுவது 1000 பேரில் ஒன்றிரண்டு. பிரசவத்துக்குப் பின் தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் அது கூடும், சுவர் மென்மையாக இருப்பதால். வேண்டாம் என்று சொல்லவில்லை. பால் கொடுப்பதைச் சொல்லுங்கள், அடிக்கடி போட்டுப் பழகியவரிடம் போங்கள். எல்லா ஜிபி (பொது மருத்துவர்) கிளினிக்கிலும் இதைப் போடுவதில்லை. போனிலேயே கேட்டுவிடுங்கள்.

கையில் வைக்கும் குச்சி: 4 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன், தீக்குச்சி அளவு. 68 மில்லிகிராம் எடோனோஜெஸ்ட்ரல், 3 ஆண்டு. உங்கள் இடைவெளிக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. எழுதாத கையின் மேல்பகுதியில், உள்பக்கம், தோலுக்கு நேர் கீழே. மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு நிமிடத்தில் முடியும். மேசையிலிருந்து எழுவதற்கு முன் உங்கள் விரலாலேயே இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள். தொட முடியாவிட்டால் அது இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ தெரியும்வரை ஆணுறை. இறுக்கக் கட்டு 24 மணி நேரம், உள் பிளாஸ்டர் 3 முதல் 5 நாள். கொஞ்ச நாள் நீலம் பாய்ந்து இருக்கும். குழந்தையின் தலையை அந்தக் கையில் தாங்கினால் முதல் வாரம் வலிக்கும்.

குச்சியில் எல்லோரையும் சலிக்க வைப்பது ரத்தம் படும் ஒழுங்கின்மை. ஐந்தில் ஒருவருக்கு நிற்கும், ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு அடிக்கடியோ நீளமாகவோ படும். யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள், மூன்று வாரத்தில் எடுக்காதீர்கள். மொத்த அளவு குறைவுதான் என்பதால் ரத்தசோகைக்குக் கெடுதல் இல்லை.

ஊசி பற்றி ஒரு வரி. மெட்ராக்ஸிப்ரோஜெஸ்டிரோன் 150 மில்லிகிராம், 12 வாரத்துக்கு ஒன்று. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் "அந்தரா" என்று போடுவதும் இதே மருந்துதான், அங்கே போட்டுவிட்டு வந்தவர்கள் தேதியோடு சொன்னால் இங்கே தொடரலாம். நிறுத்திய பிறகு கரு தங்கும் தன்மை திரும்ப ஓராண்டு வரை ஆகலாம், எடையும் கூடலாம். மூன்றாவது பற்றி முடிவில்லாத உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஈசூன்_மல்லிகை

அக்கா, அண்ணே, மிக்க நன்றி. மின்னலுக்கு இவ்வளவு பொருள் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

இன்னும் சில கேள்வி. மாமியார், உள்ளே வைத்தது நெஞ்சு வரை ஏறிவிடும் என்கிறார். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை ஆணுறைதான், அது கிழிந்தால் இரவு நேரத்தில் என்ன செய்வது? தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்று தள்ளிப்போடும் மாத்திரை கேட்கலாம் என்று இருக்கிறேன், அதுவே கருத்தடையும் ஆகிவிடுமா? கணவர் "நானே ஆபரேஷன் செய்துகொள்ளவா?" என்றும் கேட்கிறார்.

பொங்கோல்_மருந்தாளர்

தள்ளிப்போடும் மாத்திரை கருத்தடை ஆகாது. இதைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும், திருவிழாவுக்குத் திருவிழா இதே குழப்பம். அது நோரெதிஸ்டரோன் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று, பீரியட்ஸ் வரும் தேதிக்கு 3 நாள் முன்பிருந்து. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தம் படும். பத்து நாள் சாப்பிட்டு நிறுத்தும் மாத்திரை அந்த மாதக் கருவைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. உடலில் அதன் ஒரு சிறு பகுதி ஈஸ்ட்ரோஜனாகவும் மாறும். ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் வாங்கவே கூடாது, மின்னலோடு தலைவலி உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தோழியின் அட்டையிலிருந்து வாங்கிச் சாப்பிடக் கூடாது. உங்களுக்குப் பீரியட்ஸே வரவில்லை, தேதி தெரியாமல் எதைத் தள்ளிப்போடுவது? குச்சியோ மிரீனாவோ வைத்தபின் இதைத் தனியே எடுக்க நினைத்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஆணுறை கிழிந்தால்: சிங்கப்பூரில் அவசர மாத்திரை கடையில் நேரடியாகக் கிடைக்காது, டாக்டர் எழுதித் தர வேண்டும். ஊரில் மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுக்கும் ஐ-பில்லும் இங்கே அப்படி இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இப்போதே போனில் பதிந்துவையுங்கள். இரவு 2 மணிக்குத் தேட ஆரம்பித்தால் பதற்றத்தில் காலை ஆகிவிடும்.

மாத்திரை இரண்டு வகை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இது சுலபம். எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தால் பலன் குறையும், டாக்டர் இரட்டை அளவு கொடுக்கலாம். யூலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் 120 மணி நேரம் வரை வேலை செய்யும், ஆனால் ஒரு வாரம் பாலைப் பிழிந்து கொட்டச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு 5 நாள் ஹார்மோன் எதையும் தொடங்கவும் கூடாது. எதைப் போட்டாலும் 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் திரும்பவும் ஒரு வேளை. இரண்டையும்விடப் பலமானது 5 நாளுக்குள் போடும் காப்பர் டி.

ஆணுறை விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு தவறு தேங்காய் எண்ணெய். லேட்டக்ஸ் ரப்பர் எண்ணெய் பட்டால் சில நிமிடத்திலேயே நலிந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வாஸலினும் பேபி ஆயிலும் அப்படித்தான். பால் கொடுக்கும் காலத்தில் வறட்சி இயல்பு, அதற்கு நீர் அடிப்படையிலான ஜெல் வாங்குங்கள். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்ட வேண்டும், முடிந்ததும் தளர்வதற்கு முன் அடிவிளிம்பைப் பிடித்தபடி வெளியே எடுக்க வேண்டும். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்தது வேண்டாம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது பாதுகாப்பைக் கூட்டாது, உராய்ந்து கிழியும்.

செம்பவாங்_தாதி

மாமியாருக்கு: கருப்பை மேல்பக்கம் மூடிய பை. அதிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. அரிதாகச் சுவரைத் துளைத்தால் வயிற்றுக்குள் போகலாம், அதைத்தான் நூலும் ஸ்கேனும் காட்டிக்கொடுக்கும். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், கிளினிக்குக்கு அவரையும் அழைத்துப்போங்கள். அங்கே கருப்பை மாதிரி ஒன்று மேசையில் இருக்கும், கையில் எடுத்துப் பார்த்தால் பயம் போய்விடும்.

ஜூரோங்_அப்பா

கணவர் கேட்டதற்குப் பதில். ஆண்களுக்கான ஆபரேஷன் பெண்களுடையதைவிட எளிது. பெண்ணுக்கு வயிற்றுக்குள் போக வேண்டும், பொதுவாக முழு மயக்கம். ஆணுக்கு மரத்துப்போகும் ஊசி, விதைப்பையில் ஒரு சிறு துளை, இரண்டு பக்கமும் விந்துக் குழாயை வெட்டி முனையை மூடுவார்கள், அரை மணி நேரத்துக்குள் முடியும். கத்தியில்லா முறையில் தையல்கூடத் தேவைப்படாது. இறுக்கமான உள்ளாடை, துணியில் சுற்றிய ஐஸ், இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. மூத்த குழந்தையும் அதில் சேர்த்தி.

பலர் சறுக்குவது அதற்குப் பிறகு. செய்த அன்றே பலன் வராது. வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் வெளியேற வேண்டும். குறைந்தது 12 வாரமும் 20 தடவையும் ஆன பிறகு விந்துப் பரிசோதனை. அதில் விந்தணு இல்லை என்று எழுத்தில் வரும்வரை ஆணுறை. மாதிரியைக் குளிரூட்டாமல், உடல் சூட்டில் சட்டைக்குள் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடிவு தெளிவாக வந்தபின் தவறுவது ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு.

ஆண்மை குறையும், உடல் பலம் போகும் என்பதெல்லாம் இல்லை. ஆண் ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. விந்தின் அளவில் விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது, வேறுபாடே தெரியாது.

சட்டம்: 1974-ஆம் ஆண்டு விருப்பக் கருத்தடை அறுவைச் சட்டத்தின்படி 21 வயது நிரம்பியவர் தானே ஒப்புதல் கையெழுத்துப் போடலாம், துணையின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்ப்பதே நல்லது. 1970-களில் "இரண்டு போதும்" என்று அரசாங்கமே ஊக்குவித்த காலத்தில் நம் பெற்றோர் தலைமுறையில் நிறையப் பெண்கள் செய்துகொண்டார்கள். 1987-இல் அந்தக் கொள்கை தலைகீழானது. சில வீடுகளில் இன்றும் கருத்தடை என்றாலே ஆபரேஷன்தான், அதுவும் மனைவிக்குத்தான் என்று நினைப்பது அதிலிருந்து வந்தது.

ஆனால் மல்லிகை தங்கச்சி, உங்கள் முதல் பதிவில் மூன்றாவது பற்றி முடிவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இப்போது வேண்டாம். திரும்ப இணைக்கும் ஆபரேஷன் உண்டு, ஆனால் பலன் உறுதியில்லை. இதை நிரந்தரம் என்று நினைத்துத்தான் செய்ய வேண்டும். கணவர் கேட்டது நல்ல மனசு. அந்த மனசை மூன்று ஆண்டு கழித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்_மல்லிகை

அண்ணே, அவரிடம் வாசித்துக் காட்டினேன். குச்சிக்கும் மிரீனாவுக்கும் இடையில் இருக்கிறேன், ஹீமோகுளோபினைப் பார்த்தால் மிரீனா பக்கம் சாய்கிறது. புதன்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது. பீரியட்ஸ் வராமலே போட முடியுமா?

செம்பவாங்_தாதி

முடியும். கரு இல்லை என்பது உறுதியானால் எந்த நாளும் போடலாம். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: கடந்த 3 வாரத்தில் ஆணுறை இல்லாமல் ஒரு தடவையாவது இருந்தீர்களா? இருந்தால் அன்றைய சிறுநீர்ப் பரிசோதனை "இல்லை" என்று காட்டினாலும் நம்ப முடியாது, அந்தக் கரு பரிசோதனையில் தெரிய 21 நாள் ஆகும். அப்படியானால் புதன்கிழமை மிரீனா போடாமல் டெசோஜெஸ்ட்ரல் அட்டை கொடுத்து, 21 நாள் கழித்துப் பரிசோதித்துவிட்டுப் போடுவார்கள். அதைக் கேட்டு ஏமாற்றமடைய வேண்டாம், அதுதான் சரியான முறை. இல்லையென்றால் அன்றே போட்டுவிடலாம். மிரீனா முழுப் பலன் தர 7 நாள் ஆகும், அந்த ஒரு வாரமும் ஆணுறை.

போட்ட முதல் மூன்று வாரம் காய்ச்சல், அடிவயிற்றில் குறையாத வலி, நாற்றத்தோடு வெள்ளைபடுதல் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே வாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்; டீயோடும் காப்பியோடும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள், இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள். புதன்கிழமை காலை நன்றாகப் பசியாறிவிட்டு, நாப்கின் ஒன்று பையில் எடுத்துக்கொண்டு போங்கள் ம்மா.